பெயரை மாற்றுவதா, கணக்குப் போடுவதா? ஆங்கில அளவுகள் ஹங்கேரியனில்

ஆங்கிலத்திலிருந்து ஹங்கேரியனுக்கு மொழிபெயர்ப்பவர்கள் அளவுச் சொற்களில்தான் அடிக்கடி தடுமாறுகிறார்கள். வழி இரண்டு.

பெயரை மாற்றுவது: மைல் 'மேர்ஃபோல்ட்', அடி 'லாப்', பவுண்டு 'ஃபோன்ட்', அவுன்ஸ் 'உன்சியா'.
கணக்குப் போடுவது, அதாவது மெட்ரிக் அளவாக மாற்றுவது: கிலோமீட்டர், மீட்டர், 'டெக்கா'.

புரிதல்
ஹங்கேரி 1876இலேயே மெட்ரிக்குக்கு மாறிவிட்டது. கடையில் சலாமி இறைச்சி வாங்குபவர் "20 டெக்கா" என்பார். ஒரு டெக்கா 10 கிராம். பாலும் ஒயினும் 'டெசி'யில், அதாவது 100 மில்லியில். சமையல் குறிப்பில் 8 உன்சியா வெண்ணெய் என்றால் வாசகர் கையைப் பிசைவார். 23 டெக்கா என்றால் நேரே தராசுக்குப் போவார்.

துல்லியம்
பெயர் மாற்றத்தில் ஒரு பள்ளம் உண்டு. பழைய ஹங்கேரிய மைல் 8 கிலோமீட்டருக்கும் மேல். ஆங்கில மைல் 1.6தான். பழங்காலக் கதை என்றால் 'ஆங்கில மைல்' என்றே எழுதிவிடுங்கள். கணக்கிலும் நிதானம் வேண்டும். "ஒரு நூறு மைல் இருக்கும்" என்பதை 160.9 கிலோமீட்டர் ஆக்குவது வாக்கியத்தையே கெடுத்துவிடும்.

நடை
இதில் பெயர் மாற்றத்துக்கே என் ஓட்டு. விக்டோரியா கால லண்டன் வண்டிக்காரர் கிலோமீட்டரில் பேசினால் காதில் உறுத்தும்.

சரி, எதற்கு எது? நாவலுக்குப் பெயர் மாற்றம். சமையல், மருந்து, தையல் குறிப்புகளுக்குக் கணக்கு. டிவி திரைக்கும் கணக்கு வேண்டாம். அங்கே அங்குலத்துக்கு ஜெர்மன் வழி வந்த 'ட்சோல்' என்ற சொல்லே புழக்கத்தில் இருக்கிறது.