சென்னை–மதுரை: நெடுஞ்சாலையா, கடலோரமும் காவிரியுமா?

ஐந்து நாள் விடுமுறை. வண்டியில் ஆறு பேர்: நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர், அப்பா, முழங்கால் வலியோடு அம்மா. சென்னையிலிருந்து கிளம்பி வழியில் நாலைந்து ஊர் பார்த்துக்கொண்டு மதுரை மீனாட்சியைத் தரிசித்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதற்கு இரண்டு பாதைகள். ஒன்று ஜிஎஸ்டி சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) செங்கல்பட்டு, விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி என்று நேராகப் போவது. மற்றது ஈசிஆரை, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று போவது. இரண்டிலும் குடும்பத்தோடு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் தூரம். நேர்வழி சுமார் 460 கிலோமீட்டர். கடலோர வழியைச் சுற்று என்பார்கள், ஆனால் கூட்டிப் பார்த்தால் 540-ஐத் தாண்டாது. நேர்வழியில் போகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலை விட மனமில்லாமல் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்பினால் அதுவே 110 கிலோமீட்டருக்கு மேல். அப்புறம் எது சுற்று?

நேரக் கணக்கு வேறு. நெடுஞ்சாலையில் விடியற்காலை கிளம்பினால், சாப்பாட்டுக்கு நிறுத்தியும் பிற்பகலில் மதுரை வந்துவிடும். கடலோரத்தில் ஓட்டும் நேரமே பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் அது துண்டு துண்டாக வருகிறது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 95 கிலோமீட்டர், அங்கிருந்து சிதம்பரம் 65, கும்பகோணம்–தஞ்சாவூர் வெறும் 40. திருச்சி வரை எந்த ஒரு கட்டமும் நூறு கிலோமீட்டரைத் தொடுவதில்லை. நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் “இன்னும் எவ்வளவு தூரம்பா?” என்று ஆரம்பித்த என் சின்னவள், இந்த வழியில் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. அம்மாவுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் காலை நீட்டிக்கொள்ள முடிந்தது.

எந்த வழியானாலும் நம்மை ஆட்டிவைப்பது நடை சாத்தும் நேரம்தான். சிதம்பரம், தாராசுரம், தஞ்சாவூர், மதுரை என்று எங்கே போனாலும் நண்பகலை ஒட்டி நடை சாத்தினால் மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். முதல் தடவை இதை யோசிக்காமல் பன்னிரண்டரைக்குச் சிதம்பரத்தில் இறங்கி, மூடிய கதவுக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் நின்றது இன்னும் மனசை உறுத்துகிறது. அதிலிருந்து கிலோமீட்டரை விட்டுவிட்டுக் காலைப் பொழுதுகளை எண்ணித்தான் திட்டம் போடுகிறேன். ஐந்து நாளில், கிளம்பும் நாளையும் திரும்பும் நாளையும் கழித்தால், மிஞ்சுவது மூன்று காலைகள்.

கடலோர வழி இங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. மாமல்லபுரத்தில் பெரும்பாலும் தொல்லியல் துறைச் சின்னங்கள், அவற்றுக்கு நடை சாத்தும் பேச்சே இல்லை. கிளம்பிய நாளிலேயே பார்த்துவிடலாம். பெரும் பாறைச் சிற்பத்தில் கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டு வேண்டாம். மாலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். சமதரை, காற்று, உட்காரத் திட்டு. அம்மா முழங்காலை மறந்து நடந்தது அங்கேதான்.

மறுநாள் காலை சிதம்பரம். பிற்பகலில் பிச்சாவரத்துக்குப் போய்ச் சுரபுன்னை (மாங்குரோவ்) காட்டுக்குள் படகு ஏறுங்கள். படகுத்துறையில் இறங்கி ஏறச் சிரமப்படுகிறவர்களைக் கரையிலேயே உட்காரவைப்பது நல்லது. கும்பகோணம் போகிற வழியில் கங்கைகொண்ட சோழபுரம். இந்த ஒரு ஊருக்காகவே இந்தப் பாதையைச் சொல்வேன். அப்பன் ராஜராஜன் 1010-இல் தஞ்சையில் எழுப்பிய 216 அடி விமானம் நிமிர்ந்து நிற்கும். மகன் ராஜேந்திரன் இங்கே எழுப்பியது அதைவிடக் கொஞ்சம் குட்டை, உள்வாங்கி வளைந்து ஏறும். பக்தர் சண்டேசர் தலையில் சிவன் மாலை சுற்றிவிடும் சிற்பத்தின் முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரம். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தில், ஒரு பாதியைக் கையால் மறைத்துக் காட்டினால் பிள்ளைகள் கத்தியே விடுவார்கள். அடுத்து தஞ்சாவூர். ஒன்றரை நூற்றாண்டுச் சோழர் கலையை ஒன்றரை நாளில், எழுபது எண்பது கிலோமீட்டருக்குள் பார்த்துவிடுகிறோம். தஞ்சையில் நடை சாத்திய மதியத்துக்கு அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. நான்கு மணிக்குப் பெரிய கோயில் போகும்போது தரைக்கல் சுடும். காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்வழியிலும் பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் பலதும் சாலையை விட்டு ஒதுங்கியவை, அல்லது ஏறவேண்டியவை. திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால், 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டை. அதன் ராஜகிரி மலை ஏற நல்ல கால் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம், 18 மீட்டர் நீளம். விஞ்ஞானப் பித்துள்ள பெரியவன் அதைவிட்டு நகரவில்லை. மற்றவர்கள் கால் மணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பிவிட்டார்கள். திருச்சி மலைக்கோட்டைக்கு 400-க்கு மேல் படி. அம்மா கீழே மாணிக்க விநாயகரோடு நின்றுகொண்டார். ஸ்ரீரங்கம் எல்லோருக்கும் ஆகும், ஆனால் அது இரண்டு வழிக்கும் பொது. பதின்வயதுப் பிள்ளைகளும் திடமான கால்களும் உள்ள குடும்பமென்றால் செஞ்சியும் சாத்தனூரும் சேர்த்து நேர்வழியையே எடுக்கலாம். அதில் தவறே இல்லை.

சாப்பாட்டில் போட்டியே இல்லை. நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள் உண்டு. கும்பகோணத்திலேயே அதைக் குடிக்க முடிகிறபோது நான் ஏன் வேறெங்கும் குடிக்க வேண்டும்?

கடலோர வழியில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியது பருவத்தில். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்ற செய்தி வந்தால் யோசிக்காமல் நெடுஞ்சாலைக்கு மாறிவிடுங்கள். தையில் டெல்டா அறுவடைக்கு நிற்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. மே மாதம் எந்த வழியும் பெரியவர்களுக்கு ஏற்றதல்ல. இன்னொன்று, ஊர்களுக்குள் புகுந்து போகும் சாலைகளில் இருட்டிய பின் ஓட்டாதீர்கள்.

ஆகவே என் தேர்வு: பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள், ஐந்து நாள் என்றால் போகும்போது கடலோரமும் காவிரியும், திரும்பும்போது நெடுஞ்சாலை. மூன்றே நாள் என்றால் நேர்வழி, திருச்சியும் மதுரையும் மட்டும். அதற்குமேல் ஊர்களைத் திணித்தால் எல்லோருக்கும் அலுப்புதான் மிஞ்சும்.

மதுரைக்கு எப்படி வந்தாலும், கோயிலுக்குள் செல்பேசி கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் பிரிந்தால் பொற்றாமரைக் குளப்படியில் சந்திப்பது என்று வாசலிலேயே பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். திரும்பும் நாள் ஞாயிறாக இருந்தால் மதுரையை விடியற்காலை ஐந்து மணிக்கே விட்டுக் கிளம்புங்கள். மாலையாகிவிட்டால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்துதான் வரவேண்டும்.