சென்னை வீட்டுக்கு ஒயின் ஃப்ரிட்ஜ்: பெல்டியரா, கம்ப்ரசரா?

ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை பாட்டில் பிடிக்கும் என்று. சென்னையில் அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு, ஏசி ஓடாத ஹாலில், பெட்டிக்குள் 13 டிகிரி நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி.

ஒயினைச் சேமிக்க 12 முதல் 14 டிகிரி வரை நல்லது. அது ஏறி இறங்காமல் இருப்பது அதைவிட முக்கியம். சூடு ஏறும்போது ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும். ஆறும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பகலில் கொதித்து, இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை அலமாரி இதற்கு மிக மோசமான இடம்.

சின்ன, விலை குறைந்த பெட்டிகளில் நிறைய பெல்டியர் வகைதான். கம்ப்ரசரும் இல்லை, வாயுவும் இல்லை. ஒரு சில்லில் (சிப்) மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். அந்தச் சூட்டை ஃபேன் வெளியே தள்ளும். அதிர்வு கிடையாது, சத்தமும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அறை வெப்பத்தைவிட சுமார் 15 முதல் 20 டிகிரிதான் குறைக்கும். அறை 25 டிகிரியில் இருக்கும் ஊரில் அது தாராளம். நம் ஹால் 36ஐத் தொட்டால்? திருவான்மியூரில் ஒரு நண்பர் வீட்டில் 12க்கு வைத்த பெட்டி, கத்திரி வெயில் மதியத்தில் 19 காட்டிக்கொண்டிருந்தது. பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை, அதன் சக்தி அவ்வளவுதான்.

கரண்ட் கணக்கும் இதற்குச் சாதகமாக இல்லை. குறித்த குளிரை எட்ட முடியாத பெல்டியர் ஓய்வே எடுக்காது. 70 வாட் பெட்டி நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 1.7 யூனிட் வரும், இரண்டு மாதத்தில் 100 யூனிட். மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டையும் ஒயினே குடித்துவிடும்.

கம்ப்ரசர் வகை நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியேதான். குறித்த குளிர் வந்ததும் நின்றுவிடும், தேவைப்பட்டால் மறுபடி ஓடும். லேசான அதிர்வும் உறுமலும் உண்டு. ஓரிரு வருடத்தில் குடித்துவிடும் ஒயினுக்கு அந்த அதிர்வு ஒரு பொருட்டே இல்லை. என் ஓட்டு கம்ப்ரசருக்குத்தான். ஆனால் கம்ப்ரசர் என்று எழுதியிருந்தாலே போதாது. பெட்டியின் ஸ்டிக்கரில் கிளைமேட் கிளாஸ் என்று ஒரு குறி இருக்கும்: ‘என்’ (N) என்றால் 32 டிகிரி அறை வரை, ‘எஸ்டி’ (ST) 38 வரை, ‘டி’ (T) 43 வரை. நமக்கு ‘டி’ வேண்டும், குறைந்தது ‘எஸ்டி’. இதைக் கேட்டால் விற்பனையாளர் முழிக்கலாம். நீங்களே கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள்.

பெட்டிக்குள் ஒரே அறையா, தனித்தனி குளிர் வைக்கும் இரட்டை அறையா? சேமிக்க மட்டும் என்றால் சிவப்புக்கும் வெள்ளைக்கும் அதே 13 டிகிரி போதும். இரட்டை அறை பரிமாறும் வசதிக்கானது. வெள்ளை ஒயினைக் குடிப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் சமையலறை ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. அதற்காகக் கூடுதல் பணம் தேவையில்லை.

மாடுலர் கிச்சனுக்குள் பொருத்துவதென்றால், சூட்டை முன்பக்கம் வெளியேற்றும் பில்ட்-இன் மாடலைத்தான் வாங்க வேண்டும். பின்பக்கம் சூடு விடும் பெட்டியை மரச் சட்டத்துக்குள் திணித்தால் கம்ப்ரசர் மூச்சு முட்டிப் போகும். பில்ட்-இன் வாங்கிய பிறகும் தச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடியில் இருக்கும் கிரில்லை மறைத்து அழகாக ஸ்கர்ட்டிங் பலகை அடித்துவிட்டுப் போய்விடுவார்.

பெசன்ட் நகர் மாதிரி கடலோரம் என்றால் உப்புக்காற்று பின்பக்கத் தகட்டையும் காயிலையும் அரிக்கும். பால்கனி பக்கம் வைக்கவே வேண்டாம். வெயில் வெளிச்சமும் ஒயினுக்கு ஆகாது. ஸ்டெபிலைசர் கட்டாயம். கரண்ட் போனால் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பாட்டில்களே சில மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும்.

சரி, இதெல்லாம் யாருக்கு? டாஸ்மாக் எலீட் கடையில் வாங்கி அந்த மாதமே காலி செய்கிறவருக்கு வீட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டே போதும். மாதக்கணக்கில் என்றால்தான் அங்கே கார்க் காயும். திருகு மூடி பாட்டிலுக்கு அந்தக் கவலையும் இல்லை.

கடைசியாக, பாட்டில் எண்ணிக்கை. கம்பெனிகள் சொல்லும் கணக்கு ஒல்லியான போர்டோ பாட்டிலுக்கானது. ஷாம்பெயின், பர்கண்டி பாட்டில்கள் இடுப்பு பெருத்தவை. 18 என்று போட்டிருந்தால் 13, 14 வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்பதே 2 லிட்டர், அதாவது இரண்டு பாட்டிலும் கொஞ்சமும். வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் தமிழ்நாட்டில் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. 46 பாட்டில் பெட்டிக்கு முன்பணம் கட்டும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.