கோத்தகிரியில் விநியோகஸ்தரா, ஆலோசகரா? நான் எடுத்த முடிவு

குடும்பங்களுக்குப் பணத் திட்டமிட உதவும் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபண்டுகளில் முதலீடு சேர்த்துக் கொடுத்து கமிஷன் வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். என்.ஐ.எஸ்.எம். என்ற பயிற்சி நிறுவனத்தின் 5-ஏ தேர்வில் தேறி, ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். என்ற பதிவு எண் வாங்க வேண்டும். மற்றது, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்று, யோசனைக்கு வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்கும் முதலீட்டு ஆலோசகர். அதற்கு 10-ஏ, 10-பி என்று இரண்டு தேர்வுகள். நான் முதல் வழியில் வந்தேன். என்னைப் போல மலையில் தனியாளாகத் தொடங்குபவருக்கு இன்றும் அதையே சொல்வேன்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5-ஏ தேர்வில் 100 மதிப்பெண், 2 மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி. கோயம்புத்தூர் இறங்கிப்போய் எழுதிவிட்டு அன்றே வீடு திரும்பினேன். 10-ஏ கடினம், 60 சதவீதம் வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது தேர்வு அல்ல, தொழிலை நடத்த ஆகும் செலவு. ஆலோசகருக்கு வாடிக்கையாளர் ஒருவர்கூட வராவிட்டாலும் செலவு நிற்காது. 150 பேர் வரை வாடிக்கையாளர் இருந்தால் ஒரு லட்ச ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும். வருடாந்திரத் தணிக்கை, எழுத்து ஒப்பந்தம், 5 வருடம் காக்க வேண்டிய ஆவணங்கள் என்று மற்றவையும் உண்டு. விநியோகஸ்தருக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல்தான் பெரிய வேலை. அதையும் ஒருநாள் பயிற்சி வகுப்பில் முடித்துவிடலாம்.

வரவோ மிக மெதுவாகத்தான் வரும். 40 குடும்பங்கள் எஸ்.ஐ.பி. என்ற மாதாந்திர முதலீட்டில் தலா 2,000 ரூபாய் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலீடு இருக்கும்வரை அதன் மதிப்பில் கிடைக்கும் டிரெயில் கமிஷன் வருடத்துக்கு 0.8 சதவீதம் என்றால், முதல் வருடம் முழுக்கச் சேர்த்தும் சுமார் 4,000 ரூபாய்தான். மூன்றாம் வருட முடிவில்தான் அது வருடத்துக்கு 23,000 என்ற அளவை எட்டும். முன்பணமாகக் கிடைத்த கமிஷனை செபி 2018-லேயே நிறுத்திவிட்டது. வீட்டுத் தேயிலைத் தோட்டமும் மாலை டியூஷனும் இருந்ததால்தான் நான் தாக்குப்பிடித்தேன். கையிலிருந்து போகும் செலவு குறைவு என்பதால் அந்த மெதுவான வளர்ச்சியைத் தாங்க முடிந்தது.

ஆலோசகராகிக் கட்டணம் வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். தேயிலை விற்ற இலைக்காசு வந்த மறுநாள் என்னிடம் வந்து உட்கார்ந்த பெரியவர் ஒருவர், "தம்பி, வாயால சொன்னதுக்கே காசா?" என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார். பசுந்தேயிலை விலை இறங்கும் மாதத்தில் கட்டணமாக 3,000 ரூபாய் கேட்க எனக்கு மனம் வராது.

இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். என் கமிஷன் வாடிக்கையாளரின் ஃபண்ட் செலவிலிருந்துதான் வருகிறது. 2013 முதல், விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளான் இருக்கிறது, அதில் செலவு குறைவு. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு இல்லாமல் என்னை நானே ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை, விதி அதற்கு இடம் தராது. ஆலோசகராகப் பதிந்த தனிநபர் விநியோகக் கமிஷன் வாங்க முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்யவும் வழியில்லை.

குன்னூர், வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கையில் மொத்தத் தொகையோடு, பாரபட்சமில்லாத யோசனைக்குக் கட்டணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள். அங்கே தொடங்குபவருக்கு ஆலோசகர் வழியே சரியாக இருக்கலாம். நான் அந்தப் பக்கம் நடந்து பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். முடிவு எடுக்குமுன் அங்கே பத்துப் பேரிடமாவது, கட்டணம் தருவீர்களா என்று நேரில் கேட்டுப் பாருங்கள்.