தகடா, பலகையா, பைபரா? கல்லடி உப்புக்காற்றில் ஒரு குட்டி விமானம்

வீட்டுப் பின்வளவில் விமானம் கட்டுகிறேன் என்றால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது "பறக்குமா?" அடுத்தது "ஏன் பைபரில செய்யல்ல?" முதல் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. வால்பகுதியும் ஒரு இறக்கையும்தான் முடிந்திருக்கின்றன. அனுமதி எடுக்கும் அலைச்சல் தனிக்கதை, அது கையில் வராமல் சில்லு ஒரு அங்குலமும் நிலத்தை விட்டு எழும்பாது, எழும்பவும் கூடாது. ஆனால் இரண்டாவது கேள்விக்கு இரண்டு வருடமாக வாயால் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பதினொரு வருடம் வளைகுடாவில் விமானங்களின் அலுமினியத் தகட்டு வேலை பார்த்தவன். இப்போது கல்லடியில் அலுமினிய ஜன்னல், கதவு அடித்துப் பிழைக்கிறேன். ஆக, தகட்டுப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்ததுதான். என் மச்சானுக்கு வாழைச்சேனையில் பைபர் போட் செய்யும் பட்டறை, அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதும் தெரிந்ததுதான். பலகைக்காகப் பேச எங்கள் ஒழுங்கையில் மரவேலை செய்யும் ஒரு ஓடாவியார் இருக்கிறார், எழுபது தாண்டியவர், விமானத்தில் ஏறியதே இல்லை, ஆனால் வரைபடத்தைக் காட்டினால் எந்தப் பலகையை எந்தத் திசைக்கு நார் வைத்து அறுக்க வேண்டும் என்று விரல் வைத்துச் சொல்வார்.

கையால் விமானம் கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இந்த மூன்று வழிகளில் ஒன்றில்தான் போகிறார்கள். பலகையும் துணியும் என்றால் 1929 இல் வந்த பீட்டன்போல் ஏர் கேம்பர் என்ற விமானத்தை இன்றும் கட்டுகிறார்கள், முதலில் அது ஃபோர்ட் கார் எஞ்சினில் பறந்தது. பைபர் என்றால் பர்ட் ரூட்டான் வரைந்த லோங்-ஈஸி, நுரையைச் சூடான கம்பியால் அறுத்து மேலே கண்ணாடித்துணி ஒட்டுவது. தகடு என்றால் அமெரிக்காவின் வான்ஸ் ஆர்வி வரிசை, 11,000க்கும் மேல் பறந்துவிட்டன. அல்லது கிறிஸ் ஹைன்ட்ஸ் வரைந்த செனித் சிஎச் 701, நான் கட்டுவது இதுதான். வேகம் வேண்டுமென்றால் லோங்-ஈஸி, செலவு குறைய வேண்டுமென்றால் பலகை, குறுகிய வெட்டையில் ஏறி இறங்க வேண்டுமென்றால் 701. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. மறுவிற்பனை பற்றிக் கேட்கவே வேண்டாம், மட்டக்களப்பில் இதை யாருக்கு விற்பது?

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்து போகும் தூரம். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி. கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து வெடிக்கும், வாடைக்காற்று தொடங்கினால் மூன்று மாதம் சுவரே வியர்க்கும். சைக்கிள் செயின் ஒரு மாரியில் கறள் பிடித்து இறுகிவிடும். இங்கே எந்தப் பொருளும் பழுதாகும், அதில் வாதமில்லை. பழுதாகும்போது அது எனக்குத் தெரியும்படி பழுதாகுமா, தெரியாமல் பழுதாகுமா என்பதுதான் கேள்வி.

அதைப் பார்க்கத்தான் மூன்று துண்டு செய்தேன், ஒவ்வொன்றும் ஒரு கொப்பித் தாள் அளவு. ஒன்று பலகைச் சட்டத்தில் மெல்லிய ஒட்டுப்பலகை எபொக்சிப் பசையால் ஒட்டி வார்னிஷ் பூசியது. ஒன்று நுரையின் இரு பக்கமும் கண்ணாடித்துணி போட்டது. மற்றது இரண்டு தகட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ரிவெட் என்ற இணைப்பாணி அடித்தது. தகட்டில் பாதிக்கு பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசினேன், பாதியை வெறுமனே விட்டேன், வெறும் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு சாதாரண இரும்பு போல்ட்டை முறுக்கி வைத்தேன். மூன்றையும் கடல் பார்த்த பத்தியில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு மாரி போனது.

பலகைத் துண்டை இறக்கியபோது வார்னிஷ் அப்படியே பளபளத்தது. ஓடாவியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்குப் பெருமை. மறுகா ஒரு மூலையில் கத்தி முனையை வைத்து அழுத்தினேன், புட்டுக்குள் போவதுபோல் போனது. பலகையின் வெட்டுமுகத்தில் வார்னிஷ் மயிரிழை அளவு வெடித்து, அதற்குள்ளால் தண்ணீர் இறங்கி ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. ஓடாவியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெட்டு முனையை ரெண்டு தரம் அடைச்சிருந்தா இப்படி வந்திராது மனே, உன்ர அவசரம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஒழுங்காக அடைத்து, காய்ந்த கொட்டகைக்குள் வைத்த பலகை விமானங்கள் பல பத்து வருடம் நிற்கின்றன. ஆனால் என் அவசரத்தையும் சேர்த்துத்தான் நான் கணக்குப் போட வேண்டும். 1944 இல் இந்தியாவில் மொஸ்கீட்டோ என்ற பலகைப் போர்விமானங்கள் பறக்கும்போதே பிரிந்து விழுந்தன. பசை பிடித்த இடங்கள்தான் பிரச்சினை என்று கண்டார்கள், வெப்பமும் ஈரமும் எவ்வளவு காரணம், தொழிற்சாலை வேலை எவ்வளவு காரணம் என்பதில்தான் இழுபறி. எது காரணமானாலும், வெளியில் நின்று பார்த்தவனுக்கு முதல்நாள் வரை அது நல்ல விமானம்.

துணி போர்த்துவது மட்டும் எனக்குப் பிடித்த வேலை என்று சொல்லத்தான் வேண்டும். பொலியெஸ்டர் துணியைத் தளர்வாக ஒட்டிவிட்டு அயன் பெட்டியால் தேய்த்தால் மேளத்தோல் மாதிரி இழுத்துப் பிடிக்கும். வெயில் பட்டால் அந்தத் துணி செத்துவிடும் என்பதால் உள்பூச்சில் வெள்ளிப்பொடி கலந்து அடிக்கிறார்கள்.

பைபருக்கு வருவோம், மச்சான் கோபித்தாலும் பரவாயில்லை. முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. அவன் பட்டறையிலிருந்து ஒரு வாளி ரெசின், துணியை ஒட்டி இறுக்கும் பசை, கொண்டுவந்து, "இது போட்டுக்கே தாங்குது, உன்ர இறக்கைக்குத் தாங்காதா?" என்று நுரையின்மேல் ஊற்றினான். நுரை எங்கள் கண் முன்னால் ஐஸ்பழம் கரைவதுபோல் கரைந்து குழியானது. போட் செய்கிறவர்கள் போடுவது பொலியெஸ்டர் ரெசின், அதில் இருக்கும் ஸ்டைரீன் இந்த வகை நுரையைத் தின்றுவிடும். விமானத்துக்கு எபொக்சி வேண்டும், துணியும் போட்டுக்குப் போடும் வெட்டுநார்ப் பாய் அல்ல, நெய்த துணி. ஆக "எங்களுக்குத் தெரிந்த வேலைதானே" என்று ஊரில் சொல்வதில் பாதிதான் உண்மை. கை பழகியிருக்கும், பொருள் வேறு. கையும் சில வேளை எதிரிதான். போட்காரன் கை சந்தேகம் வந்தால் இன்னொரு பாய் போடும். விமானத்தில் அந்த ஒவ்வொரு பாயையும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும்.

மாரி ஈரத்தில் எபொக்சி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்புப் படியும், அதைக் கழுவாமல் அடுத்த துணியைப் போட்டால் பிடிக்காது. வெயிலில் ரெசின் இளகாமல் இருக்க வெள்ளை நிறம்தான் பூச வேண்டும். இவை சமாளிக்கக்கூடியவை. என்னை நிறுத்தியது அந்தத் தொங்கவிட்ட துண்டுதான். பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது, ஒரு கறை இல்லை. பைபர் உக்காது, கறள் பிடிக்காது என்று மச்சான் சொல்வது முழு உண்மை. ஆனால் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனபோது எல்லா இடத்திலும் 'டிங், டிங்' என்ற சத்தம், ஒரு ஓரத்தில் மட்டும் 'டொக்'. அந்த இடத்தில் துணி நுரையை விட்டு எழும்பிவிட்டது, உள்ளங்கை அளவு. அது என் கைப்பிழையா, ஈரமா, வெயிலா? ஒரு துண்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கண்ணாடிநார்க் கிளைடர்கள் பல பத்து வருடமாகப் பறக்கின்றன, ரூட்டானின் வொயேஜர் 1986 டிசம்பரில் வழியில் எங்கும் எண்ணெய் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியது. நல்ல கையில் அது நல்ல பொருள்தான். என் கை அந்தக் கை இல்லை, ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் முழு விமானத்தையும் காசால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமையும் இல்லை.

சரி, தகடு. இரும்பு போல்ட் வைத்த இடத்தைச் சுற்றி அரிசிமா தூவியதுபோல் வெள்ளைப்பொடி. விரலால் தட்டினால் உதிர்கிறது, அடியில் தகடு சிறு சிறு குழியாகத் தின்னப்பட்டிருக்கிறது. பிரைமர் பூசிய பாதி துடைத்ததும் பழையபடி. இதைப் பார்த்து மச்சான் சிரித்தான், "உன்ரதுதான் மச்சான் மோசம்!" உண்மைதான், மூன்றிலும் பார்க்க அசிங்கமாக இருந்தது அதுதான். அந்த அசிங்கத்துக்காகத்தான் நான் அதைத் தெரிவு செய்தேன். எங்கே நோவு என்று அது வெளியில் வந்து சொல்கிறது. இரண்டு உலோகம் தொட்டு நடுவில் உப்புத்தண்ணி நின்றால் அது ஒரு குட்டி பெற்றறி, அதில் கரைவது அலுமினியம். காரணம் தெரிந்தால் தடுக்கலாம், தடுக்கத் தவறினால் அந்த ரிவெட்டைத் துளைத்து எடுத்து, அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம்.

அலுமினியத்திலும் எல்லாம் ஒன்றல்ல. ஆர்வி விமானங்களின் தோல் 2024 என்ற வகை, பலத்துக்காகச் செம்பு கலந்தது, செம்பு இருப்பதால் உப்புக்கு இலகுவில் இரையாகும். அதற்காக இரு பக்கமும் மெல்லிய தூய அலுமினியப் போர்வை போட்டுத்தான் வரும், கீறினால், துளைத்தால் அந்தப் போர்வை போய்விடும். 701க்கு 6061-டி6 என்ற வகை, மக்னீசியமும் சிலிக்கனும் கலந்தது. பலம் கொஞ்சம் குறைவு, ஆனால் கடற்காற்றை நன்றாகத் தாங்கும். வேறு ஊரில் இருந்திருந்தால் ஒருவேளை ஆர்வி பக்கம் போயிருப்பேன், கல்லடியில் இல்லை.

பராமரிப்பு என்று எடுத்தால் நான் இப்போதே செய்வது இவ்வளவுதான், ஆனால் இதில்தான் நேரம் போகிறது. ஒன்றின்மேல் ஒன்று படியும் ஒவ்வொரு இடத்திலும் ரிவெட்டுக்கு முன்னால் பிரைமர். இறக்கைக்குள், வாலுக்குள் ஒவ்வொரு உள்ளறையிலும் தண்ணி தங்கக்கூடிய ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிதுளை. கழுவுவது குழாய்த் தண்ணியில் மட்டும், எங்கள் கிணற்றுத் தண்ணியே உப்பு, அதில் கழுவினால் கடலில் கழுவியதற்குச் சமம். பொப் ரிவெட்டின் உடல் அலுமினியம், இழுத்து முறித்த பின் உள்ளே தங்கும் தண்டு எஃகு. அந்தத் தலையில்தான் முதலில் பழுப்பு வட்டம் விழுகிறது. பலவீனம் இல்லை என்கிறார்கள், எனக்கு மனம் ஆறவில்லை, ஒவ்வொன்றுக்கும் தூரிகையால் பூச்சு வைக்கிறேன். இறக்கை ஒன்றில் எத்தனை ரிவெட் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

ஒரு சின்ன விபத்தையும் சொல்லத்தான் வேண்டும். மருமகன் பாடசாலை விடுமுறையில் உதவிக்கு வந்தான், துளை போடும் இடத்தைக் கோடு போடச் சொன்னேன், பென்சிலால் அழகாகப் போட்டு வைத்தான். நானும் கவனிக்கவில்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் அந்தக் கோடு துடைத்தும் போகவில்லை, தகட்டில் பொறித்ததுபோல் நிற்கிறது. பென்சில் கரியும் அலுமினியமும் ஈரமும் சேர்ந்தால் அதே பெற்றறிக் கதைதான். மார்க்கர் பேனையால் மட்டும் குறிக்க வேண்டும் என்று வேலை பழகும்போது எனக்கு முதல் வாரமே சொன்னது, நான் அவனுக்குச் சொல்லவில்லை. அந்தத் துண்டு இப்போது கொட்டகைக் கதவில் ஆணியடித்திருக்கிறது.

தகட்டிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பிழையான இடத்தில் போட்ட துளையை அழிக்க முடியாது. ஒவ்வொரு துளை விளிம்பையும் சுரண்டி மழுக்க வேண்டும், இல்லையென்றால் அதிர்வில் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும். இரவு எட்டு மணிக்குப் பின் சுத்தியல் தூக்கினால் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்ப்பா. பறக்கும் அதிர்வில் பல வருடம் கழித்து என்ன வெடிக்கும் என்பதை நான் பார்த்தது பெரிய விமானங்களில்தான், இந்த அளவு மெல்லிய தகட்டில் இல்லை. அதில் என் பேச்சை முழுக்க நம்பாமல் கொஞ்சம் உப்புப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், உப்புக்கு இங்கே குறைவில்லை.

எஞ்சின் இன்னும் வாங்கவில்லை. ரோட்டக்ஸ் 912 இல் 80 குதிரைவலு வகையையே யோசிக்கிறேன், 92 ஒக்டேன் பெற்றோல் அதற்குப் போதும், 100 குதிரைவலு என்றால் 95 வேண்டும். ரப்பர்க் குழாய்களை ஐந்து வருடத்துக்கொருதரம் முழுக்க மாற்றச் சொல்கிறார்கள், பறந்தாலும் பறக்காவிட்டாலும்.

போன கிழமை மச்சான் வந்தான். கையில் ஒரு புதுத் துண்டு, இந்த முறை எபொக்சி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி இறுக வைத்தானாம், வீட்டுக்குள் விசிறி போட்டு ஈரம் பார்த்துச் செய்தானாம். தூக்கினால் முதல் துண்டில் பாதிப் பாரம்கூட இல்லை. ஒன்றும் பேசாமல் பத்தியில் என் துண்டுகளுக்குப் பக்கத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டான். தட்டிப் பார்க்க ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாடை இன்னும் தொடங்கவில்லை.