ரீப்பர் சொப்ட்வெயார்: 5லயும் 7லயும் ஓடுற பாட்டுகளைப் பிடிக்கிறதுக்கு

நேர விசயத்துக்கு வாறன். மேற்கத்தையப் பாட்டு, எலக்ட்ரோனிக் மியூசிக் எண்டு விரும்பிக் கேக்கிற ஆக்கள், கீபோட் கிட்டார் ட்ரம்ஸ் பழகிற பெடியள் பெட்டையள், ஆராவது ஒரு பாட்டை எண்ணத் தொடங்கி நாலாவது அடிக்குப் பிறகு எங்கயோ வழுக்கிப்போய் "இது என்ன ரைம் சிக்னேச்சர் (ஒரு சுத்துக்கு எத்தினை அடி)" எண்டு மண்டையைப் பிய்ச்சுக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டால் ரீப்பரை இறக்கிப் பாருங்கோ. இது உண்மையில ரெக்கோர்டிங், மிக்சிங் செய்யிற சொப்ட்வெயார், எல்லாரும் அதுக்குத்தான் பாவிக்கிறவை, அதைப்பற்றி நான் இஞ்ச கதைக்கப் போறதில்ல. தாளம் கண்டுபிடிக்கிற வேலைக்கு இது எப்பிடி, அது மட்டும்தான்.

செய்தது கொக்கோஸ் எண்ட சின்னக் கொம்பனி. அதை நடத்துறவர் ஜஸ்டின் பிராங்கெல், முந்தி நெட்கஃபேக்கள் எல்லாத்திலயும் பாட்டுப் போட்ட வினாம்ப் இருந்ததெல்லோ, அதை 1997ல எழுதினதும் இவர்தான். விண்டோஸ், மக், லினக்ஸ் மூண்டிலயும் ஓடும். டவுன்லோட் சைஸ் சரியான சின்னன், டேட்டா கார்ட் போட்டு இறக்கிற ஆக்களுக்குக்கூட வலிக்காது, பழைய லப்டொப்பிலயும் மூச்சு வாங்காமல் ஓடுது. மற்றப் பெரிய சொப்ட்வெயாருகள் கிகாபைற் கணக்கில சாமான் இறக்கச் சொல்லுற காலத்தில இது பெரிய விசயம்.

இப்ப போனில கன அப் இருக்கு, பாட்டைக் கேட்டு பிபிஎம் சொல்லும். அது வேகம் மட்டும்தான். நிமிசத்துக்கு எத்தினை அடி எண்டு சொல்லும், ஒரு சுத்துக்கு எத்தினை அடி எண்டு சொல்லாது. இது ரெண்டையும் போட்டுக் குழப்பிற ஆக்கள்தான் கனபேர். அதைவிட, தானாக் கண்டுபிடிக்கிற சொப்ட்வெயாருகள் பெரும்பாலும் எல்லாப் பாட்டும் 4 எண்டுதான் முதல்லயே முடிவெடுத்து வைச்சிருக்கும், 7ல ஓடுற பாட்டைக் குடுத்தாலும் 4 4ஆ வெட்டித் தரும். ரீப்பர் எத்தினை அடி எண்டு ஊகிக்க வெளிக்கிடாது. நீங்கள் காதால கேட்டு ஒரு எண்ணைச் சொல்லவேணும், அது அந்த எண்ணுக்குக் கோடு போட்டுக் காட்டும், கணக்குக் கொப்பியின்ர சதுரம் மாதிரி. உங்கட எண்ணிக்கை சரியெண்டால் ஒவ்வொரு சுத்தின்ர தொடக்கமும் கோட்டில வந்து குந்தும், பிழையெண்டால் மூண்டாஞ் சுத்திலயே விலகிறது கண்ணுக்குத் தெரியும். எனக்கு இதைப் பிடிச்சதுக்குக் காரணமே இதுதான், காது செய்யிற வேலையை அது பறிக்கேல்ல, காது சொன்னது சரியோ எண்டு பாத்துச் சொல்லுது.

எப்பிடிச் செய்யிறது எண்டால், பாட்டு பைலை (எம்பி3, வேவ், ஃபிளாக் எதுவும் சரி) இழுத்து உள்ளுக்குப் போடுங்கோ. போட்ட உடன ஒரு வேலை செய்யோணும், ப்ரொஜெக்ட் செற்றிங்ஸ்க்குப் போய் டைம்பேஸ் எண்டதை 'டைம்' எண்டு மாத்துங்கோ, இல்லாட்டி நீங்கள் ரெம்போவை (வேகத்தை) மாத்தேக்க பாட்டும் சேந்து இழுபடும், சுருங்கும், பிறகு ஒண்டும் விளங்காது. அதுக்குப் பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாட்டை ஓடவிட்டு, சுத்துத் தொடங்கிற மாதிரி உங்களுக்குப் படுற ஒவ்வொரு இடத்திலயும் எம் எழுத்தைத் தட்டுங்கோ, அந்தந்த இடத்தில மார்க்கர் விழும். எத்தினை அடி எண்டு இப்ப யோசிக்கவே வேண்டாம், "இஞ்ச திரும்பத் தொடங்குது" எண்ட உணர்வை மட்டும் பின்தொடருங்கோ. ஒரு ரெண்டு மார்க்கருக்கு நடுவை செலக்ட் பண்ணி ரிப்பீட்டில போட்டு, வேகத்தைப் பாதியாக் குறைச்சு, சுருதி மாறாமல் இருக்கிற ஒப்ஷனை ரேற் ஸ்லைடரில ரைட் கிளிக் பண்ணிப் போட்டுவிட்டு, அதுக்குள்ள எண்ணுங்கோ. 7 எண்டு வந்தா இன்சேட் மெனுவில டைம் செலக்ஷனில இருந்து மெஷர் (ஒரு சுத்து) உண்டாக்கிறதுக்கு ஒரு வரி இருக்கு, அதைக் குடுத்து 7 எண்டு சொன்னா ரெம்போவையும் அதுவே கணக்குப் பாத்து முழுப் பாட்டுக்கும் கோடு போட்டிடும். பிறகு மெட்ரோநோமை (அடிக்கு அடி டிக் டிக் எண்டு தட்டிக் காட்டுறது) போட்டுவிட்டு முதலில இருந்து கேளுங்கோ.

எண்ணிறதுக்கு நீங்கள் ஒண், டூ, த்ரீ எண்டு கஷ்டப்பட வேண்டியதில்ல, எங்களிட்ட இதைவிட நல்ல சாமான் இருக்கு. வட இலங்கை சங்கீத சபைச் சோதினைக்கு மிருதங்கமோ வாய்ப்பாட்டோ படிச்ச ஆர் எண்டாலும் இதைச் செய்வினம். 3க்கு தகிட, 4க்கு தகதிமி, 5க்கு தகதகிட, 7க்கு தகிட தகதிமி, 9க்கு தகதிமி தகதகிட. வாயில சொல்லேக்க எண்ணும் வருது, அந்த எண் எப்பிடிப் பிரியுது எண்டதும் சேந்து வருது. பிரிவுதான் முக்கியம். 5 எண்டு சொல்லிவிட்டால் போதாது, 2+3ஓ 3+2ஓ எண்டு பாக்கோணும். எங்கட கண்ட சாபு 2+3, டேவ் ப்ரூபெக் குழு 1959ல வெளியிட்ட 'டேக் ஃபைவ்' 3+2, ரெண்டும் 5தான் ஆனா உடம்பு ஆடுற விதமே வேற. அதேமாதிரி 7 அடி மிஸ்ர சாபு 3+2+2. ரீப்பரின்ர மெட்ரோநோமில எந்த அடியில அழுத்தம் விழவேணும் எண்டு அடுக்கிக் குடுக்கலாம், அதால இந்தப் பிரிவையும் அதிலயே போட்டுப் பாக்க ஏலும். இணுவில் அளவெட்டிப் பக்கம் தவில் கேட்டு வளந்த பிள்ளைக்கு, கோயில்ல திருப்புகழ் பாடிப் பழகின பிள்ளைக்கு, 5ம் 7ம் ஏற்கனவே உள்ளுக்கு இருக்கு. தெட்சணாமூர்த்தி தவில் வாசிச்ச ஊர் இது. அந்தக் காதை ஆங்கிலப் பாட்டு கேக்கேக்க மட்டும் கழட்டி வைக்கிறது எனக்கு உண்மையிலயே கவலை.

சரி, எந்தப் பாட்டுகளில பழகலாம். முதல்ல பிங்க் ஃபுளொய்டின்ர 'மணி' (1973). காசுச் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் எல்லாம் வெட்டி ஒட்டிச் செய்த லூப்போட (திரும்பத் திரும்ப ஓடுற துண்டு) தொடங்கும், அந்த லூப்பே 7 அடிதான், அதால கோடு போடுறது சுகம். சக்ஸபோன் தனியா வாசிக்கிற இடம்வரை 7லயே போகும், கிட்டார் தனி தொடங்கேக்க 4க்கு மாறும், பிறகு திரும்ப 7க்கு வரும். ரீப்பரில அந்த மாறுற இடத்தில ஷிஃப்ட் சி அமத்தி புது ரைம் சிக்னேச்சர் மார்க்கர் ஒண்டு போடுங்கோ. அங்கால 4ன் கோடு அழகா விழும், பாக்கவே சந்தோசமா இருக்கும். இது பழைய ரெக்கோர்டிங், மனுசர் வாசிச்சது, அதால வேகம் கொஞ்சம் கூடிக் குறையும், சில சுத்துக்கு ஒருக்கா திரும்ப மெஷர் பிடிச்சுக் குடுக்கவேண்டி வரும். கொம்பியூட்டரில செய்த பாட்டுகளில இந்தத் தொல்லையே இல்ல, ஒரு மார்க்கர் போட்டால் கடைசி மட்டும் நேராப் போகும்.

அடுத்தது அவுட்காஸ்ற்றின்ர 'ஹே யா' (2003). உலகமே ஆடின பாட்டு, ஆடின ஆக்களில கனபேருக்கு அதில ஒரு அரைச் சுத்து இருக்கிறது தெரியாது. மூண்டு தரம் 4, பிறகு ஒரு 2, பிறகு ரெண்டு தரம் 4, மொத்தம் 22 அடி, அதுதான் திரும்பத் திரும்ப வருது. 4ன் கோட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கோ, நாலாவது சுத்தில எல்லாம் ரெண்டு அடி தள்ளி நிக்கும், அங்கதான் 2/4 (ரெண்டு அடிச் சுத்து) மார்க்கர் போடவேணும். ப்ளொண்டியின்ர 'ஹார்ட் ஒஃப் கிளாஸ்' (1978 அல்பம்) டிஸ்கோப் பாட்டு, நடுவில பாடாத இடத்தில 7 வரும், டிஸ்கோவுக்குள்ள 7ஐக் கொண்டுவந்து வைச்ச துணிவு எனக்கு இண்டைக்கும் பிடிக்கும். ரேடியோஹெட்டின்ர '15 ஸ்டெப்' (2007) 5ல, ட்ரம் மெசின் மாதிரிச் சத்தத்தோட. த ஸ்ட்ராங்க்ளர்சின்ர 'கோல்டன் பிரவுண்' தொடக்க வாத்தியப் பகுதி மூண்டு தரம் 3, பிறகு ஒரு 4, கூட்டினா 13. தகிட தகிட தகிட தகதிமி எண்டு சொல்லிப் பாருங்கோ, அப்பிடியே பொருந்தும்.

எலக்ட்ரோனிக் பக்கம்தான் வேலை கூட. பெரும்பாலான டான்ஸ் மியூசிக் 4லதான், அதுக்குக் காரணமும் இருக்கு, டிஜே ஒரு பாட்டுக்கு மேல இன்னொரு பாட்டைப் பொருத்தி ஓட்டவேணும், 8 சுத்து 16 சுத்து எண்டு அளவு ஒத்துவந்தால்தான் அது சுகம், மற்றது ரோலண்ட் டிஆர்-808 (1980) காலத்தில இருந்து ட்ரம் மெசினுகளில 16 பட்டன் வரிசைதான் முன்னுக்கு நிக்குது. இதையெல்லாம் உடைச்சுக்கொண்டு 7லயே வாழ்ந்த ஆள் எண்டால் வெனீசியன் ஸ்னேர்ஸ், கனடாக்காரர், அவற்றை 2005 அல்பம் ஒண்டு முழுக்க ஹங்கேரியப் பேருகள், வயலின் சத்தத்துக்கு மேல பயங்கர வேகமா வெட்டின ட்ரம்ஸ். ட்ரம்ஸைக் கேட்டு எண்ணப் போனா தலை சுத்தும், வயலின் எங்க திரும்பத் தொடங்குது எண்டு பிடியுங்கோ, அங்கதான் சாவி.

இஞ்ச ரெண்டு பொறி இருக்கு, இதை வடிவா விளங்கிக்கொள்ளோணும். ஒண்டு, விலகின மாதிரிக் கேக்கும் ஆனா 4தான். 3+3+2 எண்டு அழுத்தம் விழும், கூட்டினா 8 அரையடி, அதாவது சாதாரண 4/4 (ஒரு சுத்துக்கு 4 அடி). ரெகேற்றோன் முழுக்க இதுதான், இப்ப வாற பொப் பாட்டுகளில பாதியும் இதுதான். ரேடியோஹெட்டின்ர 'பிரமிட் சோங்' (2001) பியானோவைக் கேட்டா ஏதோ பெரிய அதிசய எண் எண்டு தோணும், எண்ணிப் பாத்தா 3+3+4+3+3, கூட்டினா 16. ட்ரம்ஸ் வந்து சேர்ற இடத்தில 4ன் கோட்டைப் போட்டு வைச்சுப் பாத்தீங்கள் எண்டால் சந்தேகம் தீரும். வாய்ப் பேச்சில மணித்தியாலக் கணக்கா நடக்கிற வாதம், ரீப்பரில கொஞ்ச நேரத்தில முடியும்.

மற்றது ரெண்டு தாளம் ஒரே நேரத்தில ஓடுறது. ட்ரம்ஸ் 16 ஸ்டெப்பில (ஒரு ஸ்டெப் எண்டால் கால் அடி) போகும், சிந்த் (சிந்தசைசர்) லூப் 7 ஸ்டெப்பில சுத்தும், ரெண்டும் திரும்ப ஒண்டாத் தொடங்கிறது 112ஆவது ஸ்டெப் முடிஞ்சாப் பிறகுதான், அதாவது 4/4ல 7 சுத்து. லூப் 5 எண்டால் 80 ஸ்டெப், 5 சுத்து. கச்சேரியில மிருதங்கம் தனிய வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில ஆதி தாளத்தைக் கையில போட்டுக்கொண்டு மேல மிஸ்ரத்தில (7ல) கோர்வை வைச்சு சமத்தில (தாளத்தின்ர தொடக்கத்தில) வந்து விழுத்திறவை எல்லோ, அதே கணக்கு. இப்பிடிப் பாட்டை 7/4 எண்டு எழுதினா பிழை, கிக்கும் ஸ்னேரும் (ட்ரம்ஸின்ர முக்கிய ரெண்டு அடி) பேஸும் எதில நிக்குதோ அதுதான் தாளம். ரீப்பரோட சேந்து வாற ரீஈக்யூவை (மேல்ச் சத்தம் கீழ்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) போட்டு மேல்ச் சத்தம் எல்லாத்தையும் வெட்டிவிடுங்கோ, கிக்கும் பேஸும் மட்டும் மிஞ்சும், பிறகு எதிர்ப்பக்கமா வெட்டி சிந்தை மட்டும் கேளுங்கோ. ஸ்பெக்ட்ரல் பீக்ஸ் எண்ட ஒப்ஷனைப் போட்டா கிக் ஒரு நிறத்திலயும் ஹைஹட் வேற நிறத்திலயும் தெரியும், கண்ணாலயே பாதி வேலை முடியும். இந்த ரெண்டு வசதிக்காகவே நான் ரீப்பரைச் சொல்லுவன்.

குறையும் சொல்லோணும். போனுக்கு இல்ல, லப்டொப் கட்டாயம் வேணும். மெனு எண்டால் அவ்வளவு மெனு, புதுசாத் திறக்கிற ஆளுக்கு ஒரு மாதிரிப் பயமா இருக்கும், மேல சொன்ன ஏழெட்டு வேலையை மட்டும் பழகிக்கொண்டு மிச்சத்தைத் திரும்பிப் பாக்காமல் விட்டால் போதும். யூரியூப்பிலயோ ஸ்ட்ரீமிங்கிலயோ ஓடுற பாட்டை அப்பிடியே இழுத்துப் போட ஏலாது, பைலா இருக்கோணும், காசு குடுத்து வாங்கின பைலோ சீடியில இருந்து எடுத்ததோ. 7/4ஓ 7/8ஓ எண்டதையும் அது சொல்லாது, அது நீங்கள் காலால தட்டுற வேகத்தைப் பாத்து முடிவெடுக்கிற விசயம், தாளம் விளங்கிறதுக்கு அது பெரிய வித்தியாசமும் இல்ல.

விலை. 60 நாள் ஒரு தடையும் இல்லாமல் எல்லா வசதியோடயும் சும்மா பாவிக்கலாம். பிறகு தனி ஆளுக்கு லைசன்ஸ் 60 டொலர். 60 நாள் முடிஞ்சாலும் அது பூட்டுப்படாது, திறக்கேக்க ஒரு ஞாபகப்படுத்தல் மட்டும் வரும், அதைக் காட்டி "சும்மாவே பாவிக்கலாம்" எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது பிடிக்காது. எங்கட காசில 60 டொலர் சின்னத் தொகை இல்லத்தான், படிக்கிற பிள்ளையள் 60 நாளை வடிவாப் பாவிச்சுப் பாருங்கோ, உழைக்கிற ஆக்கள், வகுப்பு வைச்சுக் காசு வாங்கிற ஆக்கள் வாங்குங்கோ. சங்கீத ஆசிரியர்மாருக்கு நான் தனியாச் சொல்லுறன், மேல் வகுப்புப் பிள்ளையளுக்கு சாபு தாளம் படிப்பிக்கேக்க 'மணி'யின்ர லூப்பை 7ன் கோட்டோட ஒருக்கா லப்டொப்பில போட்டுக் காட்டுங்கோ, இயர்போன் வேண்டாம், ஒரு நல்ல ஸ்பீக்கரில, பேஸ் வடிவாக் கேக்கிற மாதிரி.