ஒரு மில்லிமீட்டர் வளையமும் நான்கு பனிக்காலமும்

போன வாரம் ஒட்டாவாவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். பழைய சுபாரு பிஆர்இசட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறாராம். "அண்ணா, பனிக்காலத்துக்கு அந்த நகல் ரிம் போதுமா? நீங்க நாலு வருஷமா அதைத்தானே ஓட்டுறீங்க" என்றார். "தாராளமா வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையதும் அதே கார், 2013 மாடல், ஓடுவது கனடாவின் கியூபெக் மாகாணத்து மாண்ட்ரியலில். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் அபராதமே 200 டாலரில்தான் ஆரம்பிக்கும். ஒரே ரிம்மில் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் கூலி ஒருபுறம், டயர் விளிம்பு கெடுவது மறுபுறம். ஆகவே தனியாக ஒரு செட் ரிம் வேண்டும். இரும்பு ரிம் வாங்கியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் கறுப்பு இரும்புத் தட்டா என்று ஒரு வீம்பு. ஜப்பானின் ரேஸ் (Rays) என்ற கம்பெனி செய்யும் டிஇ37 என்ற பிரபல ரிம்மை அப்படியே பார்த்துச் செய்த ஆறு கால் நகல், வெண்கல நிறத்தில், நான்கும் சேர்த்து 640 டாலர். அசல் ரிம்மை அழுத்தி அடித்து உருவாக்குவார்கள், இது வார்ப்பு. கையில் தூக்கினாலே எடை வித்தியாசம் தெரியும். பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பில் ஊறப்போகிற பொருளுக்கு அது போதும் என்று நினைத்தேன். இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

அளவில் மட்டும் புத்தியோடு நடந்துகொண்டேன். வண்டியோடு வந்தது 17 அங்குல ரிம், 215/45 டயர் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது). பனிக்காலத்துக்கு 16 அங்குலம், 205/55 போட்டேன். கணக்குப் போட்டால் மொத்த உயரத்தில் வித்தியாசம் ஒரு சதவீதத்தை லேசாகத்தான் தாண்டும். ஜப்பானில் இந்த வண்டியின் இரட்டைப் பிறவியான டொயோட்டா 86-இன் கீழ்நிலை மாடலுக்கு கம்பெனியே இந்த அளவைத்தான் கொடுத்தது. டயர் விலை குறைவு, பக்கச்சுவர் உயரம், அகலம் குறைவு. பனிக்கு இந்த மூன்றுமே நல்லது.

இப்போது வளையத்துக்கு வருகிறேன்.

இந்த வண்டியின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழையும் உருண்டைப் பகுதி, 56.1 மில்லிமீட்டர். நகல் ரிம் செய்கிறவர்கள் ஒரே அச்சைப் பல வண்டிக்கு விற்க வேண்டுமே, அதனால் நடு ஓட்டையை 73.1 என்று பெரிதாக விட்டுவிடுகிறார்கள். இடைவெளியை நிரப்பி ரிம்மைச் சரியாக நடுவில் நிறுத்த ஒரு பிளாஸ்டிக் வளையம். டீக்கடைத் தட்டில்கூட அதைவிட நல்ல பிளாஸ்டிக் இருக்கும்.

முதல் பனிக்காலம், நெடுஞ்சாலை 40. வேகம் நூறைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. கடையில் பேலன்ஸ் செய்தார்கள். நடுக்கம் போகவில்லை. மறுபடி பேலன்ஸ், மறுபடி பில். மூன்றாவது முறை வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பேலன்ஸ் மெஷின் பக்கமே போகவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி, வளையத்தை விரலால் ஆட்டிக் காட்டினார். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் உள்விட்டம் 57.1! அது ஃபோக்ஸ்வேகன் அளவு. என் வண்டியைப் போலவே அந்தக் கார்களிலும் சிலவற்றுக்கு ஐந்து போல்ட், அவை அமையும் வட்டம் நூறு மில்லிமீட்டர் என்பதால் விற்றவர் பெட்டியில் கலந்து போட்டிருக்கிறார். நான்கில் இரண்டு அப்படி. அளவு வளையத்திலேயே அச்சாகியிருக்கிறது, கறுப்பின்மேல் கறுப்பில். ஒரு மில்லிமீட்டருக்காக ஜனவரி முழுக்கத் தாறுமாறாகத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

புகார் செய்ததும் விற்றவர் சரியான இரண்டை உடனே அனுப்பினார். அதை மறைக்கக் கூடாது. ஆனால் பேலன்ஸுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

வளையம் வேண்டாம், சுமையைத் தாங்குவது நட்டுகளின் இறுக்கம்தான் என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான். சக்கரத்தைத் தரையில் வைக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வடிவில் முடுக்கினால் கூம்பு நட்டே நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். மைனஸ் 20-இல், சாலையோரத்தில், விறைத்த விரலோடு அதைச் செய்து பார்த்துவிட்டு வந்து வாதிடுங்கள். அலுமினிய வளையமா? வேண்டவே வேண்டாம். உப்பு பட்டால் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் மட்டமானதுதான், ஆனால் வசந்தத்தில் கழன்று வரும்.

இரண்டாம் ஆண்டும் ஒருநாள் அதே நடுக்கம். வளையம் உடைந்துவிட்டது என்றே முடிவு கட்டி, ஜாக்கை எடுத்து இறங்கினால், ரிம்முக்குள் பனி அப்பிக் கட்டியாகியிருந்தது. குச்சியால் தட்டியதும் சரி. பாவம், அன்று வளையத்தின் மேல் தப்பில்லை.

மற்றபடி ரிம்மைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாண்ட்ரியல் பள்ளங்கள் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு மார்ச்சில் ஒன்றில் விழுந்த சத்தத்துக்கு, ரிம் இரண்டாகியிருக்கும் என்றே நினைத்தேன். நெளியக்கூட இல்லை. பின்புறம் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானிய ரிம் தர முத்திரை இருக்கிறது. அது செய்கிறவரே தன் சோதனையை நம்பி அடித்துக்கொள்வது. வெளியார் சோதித்ததற்கான விஐஏ முத்திரை இதில் இல்லை. இருந்தும் தாங்கியது. பனி கொட்டிய காலை, பின்சக்கரம் லேசாக வழுக்க, காலியான வாகன நிறுத்துமிடத்தில் வெண்கல ரிம்மோடு ஒரு சுற்று வந்தால், சரி, அந்தச் சந்தோஷத்தை நான் விலை பேசமாட்டேன்.

நான்காம் ஆண்டில் டயர் உட்காரும் விளிம்பில் பெயின்ட் கொப்பளித்தது. அதன் வழியே கசிந்து, முன் வலது சக்கரத்தின் காற்றழுத்தம் வாரத்துக்கு மூன்று பிஎஸ்ஐ இறங்குகிறது. குளிரிலேயே பத்து டிகிரி குறைந்தால் இரண்டு பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும், அதோடு இதுவும். ஞாயிற்றுக்கிழமை தோறும் காற்றடிக்கிறேன்.

ஆகவே தம்பி, போனில் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். நடு ஓட்டை 56.1 என்றே வரும் இரும்பு ரிம் தேடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், வாங்கிவிடுங்கள். என் செட்டை மட்டும் கேட்காதீர்கள். உப்புத்தாளும் பிரைமரும் வாங்கி வைத்திருக்கிறேன்; ஏப்ரலில் டயரைக் கழற்றி அந்த விளிம்பைத் தேய்க்க வேண்டும்.