கண்டித் தந்தச் சீப்பா, கரையோர ஆமையோட்டுச் சீப்பா?

இலங்கையின் பழைய சீப்புகள் என்றாலே தந்தச் சீப்பைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுக் கண்டிச் சீப்பு ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். பற்களை ஒட்டிய பட்டை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஒரு பெண், பக்கத்தில் தோழியோ அன்னமோ, சுற்றிலும் சுருண்டோடும் கொடி. பின்னணியைக் குடைந்தே எடுத்திருப்பதால் உருவங்களுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவும். சிலவற்றில் செதுக்கிய பள்ளங்களில் பழைய சாயம் இன்னும் ஒட்டியிருக்கும். இந்தக் கைத்திறனுக்கு நீண்ட பின்னணி உண்டு. 1540களில் இலங்கையின் கோட்டை (கோட்டே) இராச்சிய அரசவை போர்ச்சுகலுக்கு அனுப்பிய தந்தப் பேழை இன்று மியூனிக்கில் இருக்கிறது.

தந்தம் இழை நெருங்கிய பொருள். மயிரிழைக் கோட்டையும் பிசிறில்லாமல் தாங்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. பற்களை இழையின் போக்கிலேயே அறுக்க வேண்டும். குறுக்கே அறுத்தால் சிக்கெடுக்கும்போது ஒடிந்துவிடும். ஈரமும் வறட்சியும் மாறி மாறிப் பட்டால் விரிசலும் விடும்.

ஆமையோட்டின் கதையே வேறு. அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டுத் தகட்டைக் கொதிநீரில் போட்டால் இளகும். வளைத்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். சூட்டில் அழுத்தினால் இரண்டு தகடுகள் பசையில்லாமலே ஒன்றாகிவிடும். தென்கரையின் காலி நகர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் இதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். செதுக்கல் அதிகம் இருக்காது. தேன் நிறத்தில் கரும்பழுப்புத் திட்டுகள், கண்ணாடி போன்ற மெருகு, அவ்வளவுதான்.

அதை அணிந்தவர்கள் யார் என்பதுதான் சுவாரசியம். 19ஆம் நூற்றாண்டில் கரையோரச் சிங்கள ஆண்கள் முடியைப் பின்னால் வாரிக் கொண்டை போட்டு, உச்சியில் அரைவட்டச் சீப்பைச் செருகினார்கள். இரு முனைகளும் நெற்றிப் பக்கம் பார்த்திருக்கும். முதலியார்கள் எனப்பட்ட உள்ளூர் அரசு அதிகாரிகள் கொண்டையில் உயரமான இன்னொன்றையும் வைத்தார்கள். ஆளின் அந்தஸ்தைத் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

செதுக்கல் மட்டும்தான் அளவுகோல் என்றால் கண்டிக்கே முதலிடம், சந்தேகமில்லை. ஆனாலும் என் ஓட்டு கரையோரத்துக்குத்தான். தந்தச் சீப்பை ஒரு குட்டிச் சிற்பமாகவே ரசித்துவிடலாம், தலையை மறந்தே போகலாம். ஆமையோட்டுச் சீப்பு அப்படியல்ல. அந்த வளைவே ஒரு மனிதத் தலைக்காகப் பிறந்தது. அணிந்தவரை நினைக்காமல் அதைப் பார்க்கவே முடியாது. அருங்காட்சியகங்கள் அதைத் தனியே கிடத்தாமல், அக்காலப் புகைப்படம் ஒன்றின் பக்கத்தில் வைக்க வேண்டும்.